வளைப்பதற்கு முன் போடும் கணக்கு

(சித்தூரில் சிறு பட்டறைக்காரர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மாணவர்களும் வந்திருக்கிறீர்கள், பட்டறை முதலாளிகளும் வந்திருக்கிறீர்கள். முதலாளிகளில் பாதிப் பேர் தாங்களே தகடு மடிக்கும் பிரஸ் பிரேக் முன்னால் நின்று மிதிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பாடப்புத்தகப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன். தமிழில் பேசலாமா, தெலுங்கில் பேச வேண்டுமா என்று கேட்டேன். சித்தூரில் வந்து இதைக் கேட்கிறாரே என்று சிரித்தார்கள். 1911-இல் வடாற்காட்டையும் கடப்பையையும் கிள்ளி எடுத்து உண்டாக்கிய மாவட்டம் இது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. மாநில எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் நம் பட்டறைகளுக்கு வேலை இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வருகிறது. அந்தக் கோட்டால் நமக்கு ஒரு காகித வேலையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆர்டர் வாங்கிச் செய்யும் பென்டிங் வேலையில் லாபமா நஷ்டமா என்பது, தகடு டையின் மேல் படுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிளாங்க் அளவு (மடிக்கும் முன் வெட்டும் தகட்டின் அளவு), ஒரு ஷீட்டில் எத்தனை பீஸ், எந்த டை, எந்த மடிப்பு முதலில், எத்தனை முறை செட்டிங் என்பதெல்லாம் மேஜையில் முடிவாகிற விஷயங்கள். ஆனால் பார்ட்டி வாசலில் வண்டியை நிறுத்தியதும் கேட்கிற முதல் கேள்வி, "கிலோவுக்கு என்னண்ணா ரேட்டு?" என்பதுதான். நாமும் வாய்க்கு வந்த ஒரு ரேட்டைச் சொல்லிவிடுகிறோம். அந்த இடத்திலேயே சறுக்கல் ஆரம்பம்.

தகட்டு வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1518-இல் கிருஷ்ணதேவராயர் திருமலையில் ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். நமக்கு வரும் தகடு இரும்பும் எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான். ஆனாலும் சுற்றிப் பாருங்கள். 1985-இல் தொடங்கிய அமர ராஜா கரகம்பாடியில் பேட்டரி செய்கிறது. பேட்டரி என்றால் ரேக்கும் கேபினெட்டும் வேண்டும். திருப்பதியில் ரயில்வே கோச் பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது. 2008-இல் திறந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரம், 2022 ஏப்ரலில் பிரித்த புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வருகிறது. அங்கே டைகின், புளூ ஸ்டார் இரண்டும் ஏ.சி. செய்கின்றன. ஏ.சி.யின் வெளிப்பெட்டி முழுக்க மடித்த ஜி.ஐ. தகடுதான். ரேணிகுண்டாவில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள்.

இவர்களுடைய முக்கியமான உற்பத்திப் பாகம் நம்மிடம் வராது. மாதம் பல்லாயிரம் பீஸ் ஓடுகிற வேலைக்கு அவர்கள் சொந்த பிரஸ்ஸும் டூலும் வைத்திருப்பார்கள், அல்லது பெரிய வெண்டர் வைத்திருப்பார்கள். நம்மிடம் வருவது பத்து டிராலி, நாற்பது டிரே, மிஷினுக்கு ஒரு கார்டு, பேனலுக்கு ஒரு மூடி, கன்வேயருக்கு நாலு சூட். எண்ணிக்கை குறைவு, வடிவம் ஒவ்வொரு முறையும் வேறு, அவசரம் மட்டும் எப்போதும் ஒன்றே. இப்படிப்பட்ட வேலைக்குக் கிலோ ரேட் எப்படி வந்தது என்று யோசித்தால், கேட்டும் கிரில்லும் செய்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கேட் வேலையில் எடை கூடினால் வேலையும் ஏறக்குறைய கூடும். பென்டிங்கில் அப்படி இல்லை. பத்து கிலோ தகடு ஒன்றில் ஒரே மடிப்பு போடலாம். அதே பத்து கிலோவை நூறு கிராம் கிளிப்பாக நறுக்கினால் நூறு கிளிப். கிளிப்புக்கு நாலு மடிப்பு என்றால் நானூறு முறை மிதிக்க வேண்டும். தராசில் இரண்டும் ஒன்றுதான். மாலையில் ஆப்பரேட்டரின் முழங்காலைக் கேளுங்கள், வித்தியாசம் சொல்லும்.

ஒரு வேலையை எடுத்துப் போட்டே பார்த்துவிடுவோம். கரும்பலகையில் எழுதுகிறேன், மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே திறந்த பெட்டி. வெளி அளவு 500-க்கு 300, உயரம் 160 மில்லிமீட்டர். வாய்ப் பக்கம் நாலு புறமும் உள்நோக்கி 15 மில்லிமீட்டர் மடிப்பு. 1.6 மில்லிமீட்டர் சி.ஆர். தகடு, பழைய பேச்சில் 16 கேஜ். மொத்தம் 60 பெட்டி.

முதலில் பிளாங்க் அளவு. 500-உடன் இரண்டு சுவர் 320, இரண்டு வாய் மடிப்பு 30, கூட்டினால் 850 வருகிறது. ஆனால் 850 வெட்டக் கூடாது. மடிக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, ஒவ்வொரு மடிப்புக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். இதைத்தான் பென்ட் டிடக்ஷன் என்கிறோம். எம்.எஸ். என்கிற சாதா இரும்புத் தகட்டை ஏர் பென்டிங்கில், அதாவது டையின் அடி வரை அழுத்தாமல், மடித்தால் உள் ரேடியஸ் டை வாயின் அகலத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு வரும். 1.6 தகட்டுக்கு 12 மில்லிமீட்டர் வாய் உள்ள டை போட்டால் ரேடியஸ் 2. நீளாத நடுக்கோடு தடிமனில் எங்கே நிற்கிறது என்கிற கே ஃபாக்டர் 0.4 என்று வைத்தால் ஒரு தொண்ணூறு டிகிரி மடிப்புக்குக் கழிவு 3.05 மில்லிமீட்டர். சூத்திரம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதே தகட்டில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு கையையும் வெளிப்பக்கமாக வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 103.05 வந்தால் மேலே இருக்கிற 3.05-தான் உங்கள் டிடக்ஷன். என்னைக் கேட்டால் சூத்திரத்தைவிட இந்தத் துண்டைத்தான் நம்புவேன். உங்கள் தகடு, உங்கள் டை, உங்கள் மிஷின் மூன்றும் அதில் இருக்கின்றன.

நீளவாக்கில் நாலு மடிப்பு. ஆகவே 850-இல் 12.2 போக 837.8. அகலவாக்கில் 300, 320, 30 கூட்டினால் 650. அதில் 12.2 போக 637.8. பிளாங்க் 837.8-க்கு 637.8.

இப்போது 2,500-க்கு 1,250 ஷீட்டில் இதைப் படுக்க வைப்போம். 837.8-ஐ நீளத்தில் வைத்தால் மூன்று பீஸுக்கு 2,513 வேண்டும். 13 மில்லிமீட்டர் பற்றவில்லை, இரண்டுதான் வரும். 637.8-ஐ அகலத்தில் இரண்டு வைக்க 1,276 வேண்டும், இருப்பது 1,250. எனவே ஒரு வரிசைதான். திருப்பி வைத்தால் நீளத்தில் மூன்று, அகலத்தில் ஒன்று. எப்படிப் புரட்டினாலும் ஷீட்டுக்கு மூன்று பீஸ்தான். 60 பெட்டிக்கு 20 ஷீட். 1.6 ஷீட் ஒன்று 39.25 கிலோ. மொத்தம் 785 கிலோ வாங்க வேண்டும்.

உயரம் 160 என்று எழுதியவரிடம் ஒரு போன் செய்து, "சார், 150 இருந்தால் உங்களுக்குப் பாதகமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் 160 என்று எழுதியதற்குக் காரணமே இருக்காது. 150 ஆக்கினால் பிளாங்க் 817.8-க்கு 617.8. நீளத்தில் மூன்று பீஸ் 2,453, அகலத்தில் இரண்டு 1,236. வெட்டும் இடைவெளிக்கும் இடம் இருக்கிறது. ஷீட்டுக்கு ஆறு பீஸ்! 60 பெட்டிக்குப் பத்தே ஷீட், 392 கிலோ. உயரத்தில் 10 மில்லிமீட்டர் குறைந்தது, இரும்பு பாதியாகக் குறைந்தது.

தகடு கிலோ 70 ரூபாய், ஸ்கிராப் கிலோ 35 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் வகையில் தகட்டுக்கு 54,950 ரூபாய். மிஞ்சும் சுமார் 382 கிலோவை ஸ்கிராப்பாகப் போட்டாலும் 41,500-க்கு மேல் நிற்கிறது. இரண்டாவது வகையில் 27,475, ஸ்கிராப் போக 27,000 சொச்சம். வித்தியாசம் சுமார் 14,500 ரூபாய். மூலையில் வெட்டிப் போகும் சின்னத் துண்டுகளை நான் சேர்க்கவில்லை. மிச்சத் தகட்டை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் நம் பட்டறைகளில் சுவரோரம் சாய்த்து வைத்த மிச்சத் தகடு எத்தனை மழைக்காலம் பார்த்திருக்கிறது என்பதை அவரவரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் கிலோ ரேட்டின் வேடிக்கையைக் கவனியுங்கள். முதல் பெட்டியின் பிளாங்க் எடை 6.7 கிலோ, இரண்டாவது 6.35 கிலோ. முடிந்த எடைக்குக் கிலோ ரேட் போட்டால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பில். ஒன்றில் 13 கிலோ இரும்பு வாங்கி ஒரு பெட்டி, மற்றதில் ஆறரை கிலோ வாங்கி ஒரு பெட்டி. பில்லில் இது தெரியவே தெரியாது.

அடுத்தது மடிப்பு வரிசை. இந்தப் பெட்டியில் எட்டு மடிப்பு. வாய் மடிப்பு நாலும் முதலில், பிறகு 500 நீளச் சுவர் இரண்டு, கடைசியில் 300 சுவர் இரண்டு. மாற்றிப் போட்டால் வேலை நடுவழியில் மாட்டிக்கொள்ளும். இந்த வரிசையிலும் கடைசி இரண்டு மடிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீளச் சுவர்கள் இரண்டும் எழுந்து நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே 297 மில்லிமீட்டர்தான் இடம். அதற்குள், மேலிருந்து அழுத்தும் பஞ்ச் முழு நீளத்தில் இறங்காது, துண்டு பஞ்ச் சேர்த்து நீளம் கட்ட வேண்டும். மேலே வாய் மடிப்பு இரு புறமும் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே இடைவெளி 270-தான். 297-க்குக் கட்டிய நேர் பஞ்ச் மடித்தபின் வெளியே வராது, பெட்டி பஞ்சைக் கவ்விக்கொண்டு தொங்கும். கீழே அகன்று மேலே ஒடுங்கிய காது பஞ்ச் இரண்டு ஓரத்திலும் வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் மூலையில் 13 மில்லிமீட்டர் அழுத்தம் படாமல் நிற்கும், அதைச் சுத்தியலால் தட்டி வெல்டரிடம் கொடுக்க வேண்டும். பஞ்சும் ஹோல்டரும் சேர்ந்த உயரம் போதாவிட்டால் எழுந்து நிற்கும் 150 சுவர் போய் ராமில் முட்டும்.

இவ்வளவும் டிராயிங்கைப் பார்த்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மிஷினில் ஏற்றிய பின் தெரிந்தால் அரை நாள் போகும். வெல்டிங் இல்லாமல் போட்ட கொட்டேஷனில் வெல்டரும் வந்து உட்கார்ந்துகொள்வார்.

டை மாற்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம்மிடம் 12 வாய் டை வேறு வேலையில் மாட்டியிருக்கிறது, 16-இல் அடித்துவிடு என்பது தினம் கேட்கிற பேச்சு. 16-இல் அடித்தால் ரேடியஸ் 2.7-க்குப் போகும், டிடக்ஷன் 3.05-இலிருந்து 3.3-ஐத் தாண்டும். மடிப்புக்கு 0.3 என்றால் நாலு மடிப்பில் 1.2 மில்லிமீட்டர். 12 டைக்கு வெட்டிய பிளாங்கை 16-இல் மடித்தால் பெட்டி அந்த அளவு பெருத்து வரும். தனிப் பெட்டி என்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூடி போடுகிற பெட்டி என்றால் மூடி உட்காராது, அறுபதும் திரும்பி வரும். பிளாங்க் வெட்டக் கொடுக்கும் காகிதத்திலேயே டை வாய் அளவை எழுதிவிடுவது நல்லது. லேசர் கட்டிங்கை வெளியே கொடுப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

டிராயிங்கில் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அளவு உள் அளவா வெளி அளவா என்று எழுத்தில் வாங்குங்கள். 1.6 தகட்டில் அது 3.2 மில்லிமீட்டர் வித்தியாசம். மடிப்பின் கை, டை வாயில் பத்தில் ஏழு பங்காவது இருக்க வேண்டும். 12 டைக்கு எட்டரை மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் கை போட்டு டிராயிங் வந்தால் தகட்டின் ஓரம் டைக்குள் விழும். டை வாயின் அகலத்துக்குள் வருகிற ஓட்டை மடிக்கும்போது முட்டை வடிவாக இழுபடும். அதை மடித்த பின் துளைக்க வேண்டும், அதற்குத் தனி ரேட். தகட்டை ரோல் செய்த திசைக்குக் குறுக்கே மடிப்பது நல்லது. திசையோடு மடித்தால், அதிலும் அலுமினியத்திலும் தடித்த எச்.ஆர். தகட்டிலும், வெளிப்பக்கம் வெடிக்கும். ஷீட்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பீஸைத் திருப்பிப் போடும்போது இதை மறக்கக் கூடாது. கேஜ் என்று சொல்லி வாங்கும் தகட்டை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 16 கேஜ் என்ற பெயரில் ஒன்றரை மில்லிமீட்டர் வருவதுண்டு.

இனி மிஷின் நேரத்துக்கு வருவோம். கிலோ ரேட்டை விட்டவர்கள் பிடித்துக்கொள்ளும் அடுத்த பழக்கம், ஒரு மடிப்புக்கு இவ்வளவு என்பது. கிலோவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பக்கத்துப் பட்டறையில் அவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான் பதில். பக்கத்துப் பட்டறைக்காரர் உங்களைப் பார்த்து வைத்திருப்பார்.

இந்த எண்களை மாதிரிக்குச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மிஷின் 24 லட்சம், பத்து வருஷத்தில் தேயும் என்றால் வருஷத்துக்கு 2.40 லட்சம். பணத்துக்கு வட்டி, சராசரியாகப் பாதித் தொகைக்கு 12 சதவீதம், 1.44 லட்சம். இட வாடகை 1.20 லட்சம். ஆப்பரேட்டருக்கும் ஹெல்ப்பருக்கும் சேர்த்து மாதம் 40,000, வருஷம் 4.80 லட்சம். கரண்ட் 60,000, எண்ணெய், சீல், டூல் தேய்மானம் 60,000. கூட்டினால் 11 லட்சம் சொச்சம். நமக்குக் கரண்ட் தருகிற ஏ.பி.எஸ்.பி.டி.சி.எல். தலைமையகம் திருப்பதியில்தான் இருக்கிறது. அவர்கள் பில்லில் டிமாண்ட் சார்ஜ் என்று ஒரு வரி வரும். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் கட்ட வேண்டும்.

இந்த 11 லட்சத்தை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? 300 நாள், எட்டு மணி, 2,400 மணி என்று வகுத்தால் மணிக்கு 460 ரூபாய் வரும். பெரும்பாலோர் இதைத்தான் மனசில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பட்டறை திறந்திருக்கும் நேரம் வேறு, மிஷின் வேலை செய்யும் நேரம் வேறு. தகடு வரக் காத்திருந்தது, கரண்ட் போனது, பார்ட்டி வந்து டீ குடித்தது, ஆப்பரேட்டர் ஊர்த் திருவிழாவுக்குப் போனது எல்லாம் கழித்தால், செட்டிங்கையும் சேர்த்து ஆர்டரில் எழுதக்கூடிய நேரம் 1,400 மணி இருந்தால் பெரிது. அப்போது மணிக்கு 790 ரூபாய். எண்ணூறு என்று வைத்துக்கொள்வோம். இதில் உங்கள் லாபமும் இல்லை, மேஜையில் உட்கார்ந்து யோசித்த உங்கள் சம்பளமும் இல்லை.

நம் பெட்டிக்கு வாருங்கள். செட்டிங்குக்கு ஒரு மணி நேரம், துண்டு பஞ்ச் கட்டி, பேக் கேஜ் வைத்து, முதல் பீஸ் பார்க்க. பிறகு பெட்டிக்கு நாலு நிமிஷம். 60 பெட்டிக்கு ஐந்து மணி, 4,000 ரூபாய். பெட்டிக்கு 67, மடிப்புக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதே பெட்டி ஐந்து மட்டும் வேண்டும் என்றால்? செட்டிங் அதே ஒரு மணி, ஓட்டம் இருபது நிமிஷம். ரூபாய் 1,067. பெட்டிக்கு 213, மடிப்புக்கு 26 ரூபாய்க்கு மேல். வேலை ஒன்றே, மடிப்பு ஒன்றே, செலவு மூன்று மடங்குக்கு மேல். எல்லோருக்கும் மடிப்புக்குப் பத்து ரூபாய் என்று போர்டு மாட்டியவர் அறுபது கேட்பவரிடம் சம்பாதித்து, ஐந்து கேட்பவரிடம் விடுகிறார். ஐந்து கேட்பவர்கள்தான் அதிகம் வருவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் அந்த ரேட் மலிவு. அறுபது கேட்பவர் கொஞ்ச நாளில் வேறு கடை பார்த்துக்கொள்வார். ஆகவே செட்டிங்குக்கு ஒரு தொகை, ஓட்டத்துக்கு ஒரு தொகை என்று கொட்டேஷனில் இரண்டு வரியாகவே எழுதுங்கள். பார்ட்டி கோபப்பட மாட்டார். அடுத்த முறை ஐந்தைந்தாகக் கேட்காமல் இருபதாகச் சேர்த்துக் கேட்பார்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? 60 பெட்டிக்கும் பென்டிங் செலவு மொத்தமே 4,000. உயரத்தில் 10 மில்லிமீட்டர் குறைத்ததால் மிஞ்சியது 14,500. மிஷின் முன்னால் நின்று வேகமாக மிதித்து மிச்சம் பிடிப்பதைவிட மேஜையில் மிச்சம் பிடிப்பது மூன்றரை மடங்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கரும்பலகையை நிரப்பினேன்.

மாம்பழக் கூழ் ஆலை வேலை செய்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அது வேறு உலகம். தோத்தாபுரி வரத்து மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை. ஆலைக்காரர் ஏப்ரல் வரை தூங்குவார், மே முதல் வாரத்தில் உங்களைத் தூங்க விடமாட்டார். எஸ்.எஸ். 304-ஐ மடிக்க எம்.எஸ்.ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு டன்னேஜ் வேண்டும். 2 மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டை 16 டையில் மடிக்க மீட்டருக்கு 16, 17 டன் என்றால், எஸ்.எஸ்.ஸுக்கு 25 டன். மடித்த தகடு திரும்ப விரிகிற ஸ்பிரிங் பேக்கும் அதிகம். 90 வர 87, 88 வரை இறக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு லாட் தகடும் ஒவ்வொரு மாதிரி திரும்பும். மேலே ஒட்டிய பிலிமோடு மடிக்க வேண்டும், டையைத் துடைக்க வேண்டும். எம்.எஸ். மடித்த டையில் அப்படியே எஸ்.எஸ்.ஸை வைத்தால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு பின்னால் துருப்புள்ளி வரும், 304 துருப்பிடித்துவிட்டது என்று பழி நம் மேல் விழும். 304 என்று கேட்டவருக்கு 202 போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஆகவே காந்தச் சோதனை பயனில்லை. மில் சர்ட்டிபிகேட் வாங்குங்கள், கெமிக்கல் சொட்டுச் சோதனை செய்யுங்கள். இத்தனைக்கும் சேர்த்துத்தான் எஸ்.எஸ். ரேட். எம்.எஸ். ரேட்டில் தகடு விலையை மட்டும் மாற்றிப் போட்டால் அது கொட்டேஷன் ஆகாது.

அவசர வேலைக்கு அவசர ரேட் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கழற்றி ஆலை வேலையை ஏற்றினால் இரண்டு செட்டிங் வீணாகிறது, மேற்கொண்டு, கழற்றிய வேலையின் பார்ட்டிக்கு நீங்கள் சொல்லும் பொய் ஒன்று.

பணம் வருவதும் விலையின் ஒரு பகுதிதான். 2025 சீசனில் தோத்தாபுரி விலை விழுந்து, ஆலை எட்டு ரூபாயும் அரசு நாலு ரூபாயும் சேர்த்து விவசாயிக்குக் கிலோ பன்னிரண்டு என்று அறிவிக்கும் நிலை வந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் டிரே செய்து கொடுத்தவருடைய பில் எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பெட்டி ஆர்டரின் பில் 45,000 என்று வைத்தால், தொண்ணூறு நாள் கடனுக்கு 12 சதவீத வட்டி 1,350 ரூபாய். பெட்டிக்கு இருபத்திரண்டரை. பென்டிங்குக்கு வாங்குவதே 67. மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது!

இதற்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் திடீரென்று சில பார்ட்டிகள் நம்மைத் தேடி வந்து பணம் கொடுப்பது இதனால்தான். எம்.எஸ்.எம்.இ.க்கான உத்யம் பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதிவே இல்லாதவர்களுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச வழியில்லை.

தகடு விலைக்குக் கெடு வையுங்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு இறக்குமதியாகும் தகட்டு எஃகின் மேல் 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. அப்படி ஒரு உத்தரவு வருகிற வாரத்தில், போன மாதம் கொடுத்த கொட்டேஷனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். "ஏழு நாளைக்கு மட்டும்" என்ற ஒரு வரி போதும்.

எல்லைக் காகிதம் என்றேனே, அது இது. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கம்பெனி தன் தகட்டை நம்மிடம் ஜாப் வொர்க்குக்கு அனுப்புகிறது. சாதாரணமாகச் சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்து ஜாப் வொர்க்கருக்குப் போகும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் வேண்டும். பத்தாயிரம் ரூபாய்த் தகடுதானே என்று டாடா ஏஸில் போட்டு அனுப்பினால், வழிச் சோதனையில் மாட்டி நாள் போகும். அப்படி வந்த தகடு ஒரு வருஷத்துக்குள் வேலை முடிந்து திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. அவர்கள் தகட்டில் விழும் ஸ்கிராப் யாருக்கு என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். இந்த வேலையில் நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டது பெரும்பாலும் ஸ்கிராப்புக்காகத்தான்.

சில வேலைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் திட்டமிடுவதில் சேர்ந்தது. உங்கள் மிஷின் இரண்டரை மீட்டர், 60 டன். 3 மில்லிமீட்டர் எம்.எஸ்.ஸை 24 டையில் முழு நீளத்துக்கு மடிக்கவே அந்த 60 டன்னும் போய்விடும். அதே நீளத்தில் 3 மில்லிமீட்டர் எஸ்.எஸ். வந்தால் அகல டை போட்டு எப்படியாவது முடித்துவிடலாம் என்று தோன்றும். ரேடியஸ் பெரிதாகும், நடுவில் ஒரு கோணம், ஓரத்தில் ஒரு கோணம் என்று வரும். ஸ்ரீபெரும்புதூரிலோ அம்பத்தூரிலோ பெரிய மிஷின் வைத்திருப்பவரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் தன்னிடம் வரும் சின்ன வேலையை உங்களிடம் அனுப்புவார்.

முதலாளிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இத்தனை சூத்திரமும் சட்டமும் நினைவில் இல்லாவிட்டாலும் போகட்டும். நாளைக் காலை பிரஸ் பிரேக் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நாலு விஷயம் எழுதச் சொல்லுங்கள். செட்டிங் எப்போது ஆரம்பித்தது, முதல் நல்ல பீஸ் எப்போது வந்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை பீஸ் கெட்டது. ஆப்பரேட்டரைத் திட்டுவதற்காக அந்த நோட்டை எடுக்காதீர்கள், எடுத்தால் மறுநாளிலிருந்து அதில் பொய்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து உங்கள் செலவை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் மிஷினின் மணி ரேட் கையில் இருக்கும். அது கிடைக்கும் வரை வாசலில் வண்டி நிறுத்திக் கேட்பவர் யாருக்கும் கிலோ ரேட் சொல்லாதீர்கள். டிராயிங்கைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.